ஷெல் ஸ்கிரிப்டிலேயே அகச்சிவப்பு வெப்பமானி: எம்எல்எக்ஸ்90614 சென்சாருக்கு முழு வழிகாட்டி

தொடாமலே சூட்டை அளக்கும் எம்எல்எக்ஸ்90614 சென்சாருக்குப் பைத்தானில் லைப்ரரி இருக்கிறது, ஆர்டுயினோவிலும் இருக்கிறது. லினக்ஸ் ஷெல்லில் லைப்ரரியே வேண்டாம். ஒரு கட்டளை, ஒரு பெருக்கல், ஒரு கழித்தல், வெப்பநிலை திரையில் வந்துவிடும். எண்ணை வாங்குவது அத்தனை எளிது. வந்த எண்ணை நம்பலாமா என்று ஸ்கிரிப்டையே கேட்க வைப்பதில்தான் நேரம் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகள், இடைவெளிகள் நான் விட்டிருக்கும் இடத்தில் மட்டும். மாறிகளின் பெயர்கள் உங்கள் விருப்பம். எடுத்துக்காட்டுக்கு ராஸ்பெர்ரி பை போர்டை வைத்துக்கொள்கிறேன். ஐ2சி பஸ் (சென்சார்களை இரண்டு லைனில் போர்டோடு பேச வைக்கும் இணைப்பு) உள்ள எந்த லினக்ஸ் போர்டிலும் வேலை இதேதான், பஸ் எண் மட்டும் மாறலாம்.

சென்சாருக்குள் என்ன நடக்கிறது

மெலெக்ஸிஸ் நிறுவனம் தயாரிக்கும் இந்தச் சிறிய உலோக டப்பாவுக்குள் ஒரு தெர்மோபைல், அதாவது சூட்டு வித்தியாசத்தை மின்னழுத்தமாக்கும் பாகம், இருக்கிறது. எதிரே உள்ள பொருளிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர், தோராயமாக 5.5 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளம் வரை, அதன் மேல் விழுகிறது. தெர்மோபைல் சொல்வது பொருளின் வெப்பநிலையை அல்ல, தனக்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை. அதனால் சென்சார் தன் உடல் வெப்பநிலையையும் சேர்த்தே அளக்கிறது, இரண்டையும் வைத்து உள்ளேயே கணக்குப் போட்டு முடித்த விடையைத் தருகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் உடலே சீராகச் சூடாகாமல் ஒரு பக்கம் மட்டும் சூடானால், எதிரே இருக்கும் பொருள் மாறாமலிருந்தாலும் எண் மாறும்.

பொருளின் வெப்பநிலை −70 முதல் 380 டிகிரி செல்சியஸ் வரை அளக்கலாம். அறை வெப்பநிலையை ஒட்டிய வரம்பில் துல்லியம் அரை டிகிரிக்குள். விளிம்புகளுக்குப் போகப் போகப் பிழை பெரிதாகும்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியது பார்வைக் கோணம். சாதாரண வகைக்கு 90 டிகிரி, குறுகிய வகைகளில் 35 டிகிரியும் 5 டிகிரியும் உண்டு. 90 டிகிரி என்றால் 10 செ.மீ. தூரத்தில் 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தையே பார்க்கிறது. அந்த வட்டத்துக்குள் நீங்கள் அளக்க நினைக்கும் மோட்டார் 5 செ.மீ. அகலம்தான் என்றால், மீதிச் சுவரின் சூடும் கலந்த ஒரு சராசரிதான் கிடைக்கும். 35 டிகிரி வகையில் அதே தூரத்தில் வட்டம் சுமார் 6.3 செ.மீ., 5 டிகிரி வகையில் 1 செ.மீ.க்கும் குறைவு. ஸ்கிரிப்டில் எத்தனை வித்தை செய்தாலும் இதைத் திருத்த முடியாது. பொருள் வட்டத்தை முழுக்க நிரப்ப வேண்டும், இல்லையென்றால் சென்சாரைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று: கண்ணாடி வழியாக அளக்க முடியாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஜன்னல் கண்ணாடி இந்த அலைநீளத்துக்குச் சுவர் மாதிரி. கண்ணாடியின் சூடுதான் கிடைக்கும்.

ஒயர்கள்

நான்கு ஒயர்தான். 3.3 வோல்ட் போர்டின் 1ஆம் பின்னுக்கு, டேட்டா லைன் 3ஆம் பின்னுக்கு, கிளாக் லைன் 5ஆம் பின்னுக்கு, கிரவுண்ட் 9ஆம் பின்னுக்கு. சென்சாரில் 3 வோல்ட் வகை, 5 வோல்ட் வகை என இரண்டும் உண்டு. பையில் நேரடியாக இணைக்க 3 வோல்ட் வகையே சௌகரியம். 3ஆம், 5ஆம் பின்களில் பை போர்டே புல்-அப் ரெசிஸ்டர் (லைனை மேல் வோல்ட்டில் நிறுத்தும் ரெசிஸ்டர்) வைத்திருப்பதால் தனியாகப் போட வேண்டியதில்லை.

கிளாக் வேகம் 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது, இந்த சென்சாரின் உச்ச வரம்பு அதுதான். பையின் இயல்பு வேகமும் 100 என்பதால் எதையும் தொடாவிட்டால் சரி. அதே பஸ்ஸில் ஒரு டிஸ்ப்ளேவை மாட்டிவிட்டு வேகத்தை 400 ஆக்கியிருந்தால் சென்சார் திடீரென்று காணாமல் போகும்.

சென்சாரைப் பிராசஸருக்குப் பக்கத்தில் பொருத்தாதீர்கள். போர்டின் சூடு ஒரு பக்கமாக ஏறினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

பஸ்ஸைத் திறப்பது

ராஸ்பி-கான்ஃபிக் கருவியில் ஐ2சி-யை ஆன் செய்யுங்கள், ஐ2சி-டூல்ஸ் பேக்கேஜை நிறுவுங்கள். உங்கள் பயனர் கணக்கு ஐ2சி குழுவில் இருந்தால் சூடோ (நிர்வாகி அனுமதி) தேவைப்படாது. அப்புறம்:

ஐ2சிடிடெக்ட் -ஒய் 1

திரையில் வரும் கட்டத்தில் 50 என்று தொடங்கும் வரிசையில் 5ஏ தெரிய வேண்டும். அது பதினாறடிமான எண். 5 பதினாறுகளும் ஒரு 10-உம் சேர்ந்தால் 90. இனி 90 என்றே எழுதப்போகிறேன், ஐ2சி கருவிகள் முகவரியைப் பதின்ம எண்ணிலும் வாங்கிக்கொள்ளும். பஸ் எண் 1தானா என்று சந்தேகமிருந்தால் அதே கட்டளையை -எல் என்ற ஒரே சுவிட்சுடன் ஓட்டினால் இருக்கும் பஸ்களின் பட்டியல் வரும்.

கட்டத்தில் எதுவுமே இல்லையென்றால் முதலில் டேட்டாவும் கிளாக்கும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணுக்குப் பதில் யூயூ என்று வந்தால் கெர்னல் டிரைவர் ஒன்று ஏற்கெனவே சென்சாரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில்.

முதல் வாசிப்பு

சென்சாரின் 6ஆம் ரெஜிஸ்டரில் அதன் சொந்த வெப்பநிலை, 7ஆம் ரெஜிஸ்டரில் எதிரே உள்ள பொருளின் வெப்பநிலை. பொருளைக் கேட்போம்:

ஐ2சிகெட் -ஒய் 1 90 7 டபிள்யூபி

கடைசியில் வரும் டபிள்யூ, பி இரண்டு எழுத்தும் முக்கியம். டபிள்யூ போடாவிட்டால் ஒரு பைட் மட்டும் வரும், அதாவது எண்ணின் கீழ்ப்பாதி. அதை வைத்துக் கணக்குப் போட்டால் −270-ஐ ஒட்டி ஏதோ வரும், சென்சார் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பி என்பது ஒவ்வொரு வாசிப்பின் கடைசியிலும் சென்சார் அனுப்பும் சரிபார்ப்பு பைட்டைக் கேட்டு ஒப்பிடச் சொல்வது. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஒயர் நீளமாக இருந்து, பக்கத்தில் மோட்டாரும் ஓடினால் ஒரு பிட் புரண்டுபோவது சாதாரணம். பி இருந்தால் அப்படிப்பட்ட வாசிப்பு எண்ணாக வராமல் பிழையாக வரும். ஓர் எழுத்துக்கு இவ்வளவு பலன் என்றால் போட்டுவிடுவதுதானே.

விடை 0எக்ஸ்3987 என்பது போல வரும். பைட்களின் வரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம், கீழ் பைட் முதலில் வருவதைக் கருவியே சரிசெய்துவிடுகிறது.

எண்ணை டிகிரியாக்குவது

ஒவ்வோர் அலகும் 0.02 கெல்வின். ஆக 0.02-ஆல் பெருக்கி 273.15-ஐக் கழித்தால் செல்சியஸ். ஆனால் ஷெல்லுக்குத் தசமம் தெரியாது. எல்லோரும் உடனே தசமக் கணக்குப் போடும் பிசி கருவிக்கு ஓடுவார்கள். தேவையில்லை. டிகிரியை நூறால் பெருக்கிய முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள் (ரா என்பது சென்சார் தந்த எண்ணை வைத்திருக்கும் மாறி):

நூறு=$(( ரா * 2 - 27315 ))

0எக்ஸ் என்று தொடங்கும் எண்ணை இந்த இரட்டை அடைப்புக்குள் டேஷ், பேஷ், பிஸிபாக்ஸ் ஷெல்கள் எல்லாமே நேராகப் புரிந்துகொள்ளும். 3987 என்ற பதினாறடிமான எண் பதின்மத்தில் 14727. இரண்டால் பெருக்கினால் 29454. அதில் 27315 போக 2139, அதாவது 21.39 டிகிரி.

முழு எண்ணாக வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஷெல்லின் டெஸ்ட் கட்டளை தசமப் புள்ளியைக் கண்டாலே முழு எண் வேண்டும் என்று முரண்டு பிடிக்கும். 60 டிகிரியைத் தாண்டிவிட்டதா என்று பார்க்க 6000 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் எந்தத் தகராறும் இல்லை.

மனிதர் படிப்பதற்காக அச்சிடும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். அங்கேதான் ஒரு குழி இருக்கிறது. 100-ஆல் வகுத்து முழுப்பகுதி, மீதியை இரண்டு இலக்கமாக, நடுவில் புள்ளி. பூஜ்யத்துக்கு மேலே இது அழகாக வேலை செய்யும். இப்போது சென்சார் 13639 தருகிறது என்று வையுங்கள். 27278-இல் 27315 போனால் −37, அதாவது −0.37 டிகிரி. ஷெல்லில் −37-ஐ 100-ஆல் வகுத்தால் 0, மீதி −37. அச்சில் வருவது 0.-37. குளிர்பெட்டியைக் கண்காணிக்கும் ஸ்கிரிப்ட் வெயில் மேஜையில் வைத்துச் சோதிக்கும்போதெல்லாம் ஒழுங்காக ஓடி, உள்ளே வைத்த பிறகு இப்படி எழுத ஆரம்பிக்கும். எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் கழித்தல் குறியைத் தனி மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணை நேர்மறையாக்கி ந என்ற மாறியில் வைத்து, பிறகு மூன்றையும் சேர்த்து பிரிண்ட்எஃப் மூலம் அச்சிடுங்கள்:

பிரிண்ட்எஃப் '%எஸ்%டி.%02டி\என்' "$குறி" $((ந/100)) $((ந%100))

பொய் வாசிப்புகளைப் பிடிப்பது

இப்போது வாசிக்கும் ஃபங்ஷனை எழுதுவோம். அது எண்ணை மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் தர வேண்டும், புகார்கள் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்குப் போக வேண்டும். இந்த ஃபங்ஷனை டாலர் அடைப்புக்குள் கூப்பிட்டு மாறியில் போடப்போகிறோம். பிழைச் செய்தி அவுட்புட்டில் கலந்தால் அதுவும் வெப்பநிலையாகிவிடும்.

ஃபங்ஷனுக்குள் முதலில் பார்க்க வேண்டியது ஐ2சிகெட் முடிந்த நிலை எண். பூஜ்யம் இல்லையென்றால் வாசிப்பு தோற்றது. பிறகு 15ஆம் பிட்: சென்சார் தன் அளவீட்டில் தானே தவறைக் கண்டால் மேல் பிட்டை 1 ஆக்கிவிடும். ஷெல்லில் இதற்குப் பிட் கணக்கெல்லாம் வேண்டாம், எண் 32768 அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளிவிடுங்கள். அளக்கக்கூடிய உச்சமான 380 டிகிரிக்கே எண் 32657 அளவில்தான் இருக்கும், அதனால் நல்ல வாசிப்பு எதுவும் இந்த வேலிக்கு வெளியே போகாது. டேட்டா லைன் கழன்று எல்லா பிட்டும் 1 ஆக வந்தாலும், 65535 என்ற எண் இதே வேலியில் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வேலி உங்களுடையது. அளக்கும் பொருள் −10 முதல் 120 டிகிரிக்குள்தான் இருக்க முடியும் என்றால் −1000, 12000 என்ற எல்லைகளை ஸ்கிரிப்டின் தலைப்பிலேயே மாறிகளாக எழுதி வையுங்கள். சென்சார் சொல்லக்கூடியதை விட உங்கள் பொருள் காட்டக்கூடியது எப்போதும் குறுகலான வரம்பு.

தோற்றால் உடனே கைவிட வேண்டாம். 0.1 நொடி காத்திருந்து மூன்று தடவை முயலட்டும். மூன்றும் தோற்றால் ஃபங்ஷன் 1 என்ற நிலையோடு திரும்பட்டும். ஸ்கிரிப்டின் தலையில் செட் -இ போடும் பழக்கம் பலருக்கு உண்டு, ஏதாவது ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டே நின்றுவிடும். சென்சார் ஸ்கிரிப்டுக்கு அது ஒத்துவராது. எப்போதாவது ஒரு வாசிப்பு தோற்பது இங்கே எதிர்பார்த்த விஷயம், அதற்காக இரவு 2 மணிக்குக் கண்காணிப்பே நின்றுபோகக் கூடாது. செட் -யூ மட்டும் போடுங்கள், மாறிப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அது பிடித்துக் கொடுக்கும்.

ஒரு வாசிப்பை மட்டும் நம்பாமல் ஐந்து எடுத்து நடுவில் இருப்பதை வைத்துக்கொள்வது நல்லது. சராசரி வேண்டாம். நான்கு வாசிப்பு 21 டிகிரியும் ஒன்று 90 டிகிரியும் வந்தால் சராசரி 34.8 ஆகிவிடும், நடுமதிப்பு 21-ஐயே சொல்லும். ஷெல்லில் இது ஒரே வரி: ஐந்து தடவை சுற்றும் ஃபார் லூப், அதன் விடையை சார்ட் -என் வழியாக விட்டு, செட் -என் 3பி மூலம் மூன்றாவது வரியை எடுப்பது. இந்த செட், மேலே சொன்ன ஷெல்லின் செட் அல்ல, வரிகளைத் திருத்தும் தனிக் கருவி.

இதில் இரண்டு கவனம். பதினாறடிமான வடிவத்திலேயே சார்ட்டுக்குக் கொடுத்தால் அது எல்லாவற்றையும் 0 என்றே படிக்கும், எக்ஸ் எழுத்தோடு நின்றுவிடும். அதனால் பதின்மத்துக்கு மாற்றிய பிறகே வரிசைப்படுத்துங்கள். அடுத்து, ஐந்தில் இரண்டு தோற்றுப் போயிருந்தால் மூன்றாவது வரி நடுவில் இருக்காது, அதுதான் மிகப் பெரியதாக இருக்கும். வரிகளை எண்ணிப் பார்த்து, ஐந்து இல்லையென்றால் அந்தச் சுற்றையே கழித்துவிடுங்கள்.

பவர் கொடுத்தவுடன் முதல் நல்ல அளவீடு தயாராகக் கால் நொடி ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு நொடி ஸ்லீப் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

உமிழ்திறன்: சென்சார் பொய் சொல்லாமலே தவறும் இடம்

இதுவரை பிடித்ததெல்லாம் மின்சாரத் தவறுகள். இனி வருவது இயற்பியல், எந்தச் சரிபார்ப்பு பைட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது.

ஒரே சூட்டில் உள்ள இரண்டு பொருள்கள் ஒரே அளவு அகச்சிவப்பை வெளியிடுவதில்லை. மேற்பரப்பு எவ்வளவு வெளியிடுகிறது என்பதே உமிழ்திறன், 0 முதல் 1 வரை. மனிதத் தோல் 0.98, கறுப்பு இன்சுலேஷன் டேப் 0.95 அளவில். பளபளக்கும் அலுமினியம் 0.1-க்கும் கீழே போகும். சென்சார் ஆலையிலிருந்து வரும்போது எல்லாப் பொருளுக்கும் 1 என்றே வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. உமிழாத மீதியை மேற்பரப்பு சுற்றுப்புறத்திலிருந்து பிரதிபலிக்கிறது, சென்சார் அதையும் சேர்த்தே பார்க்கிறது.

திருத்தும் கணக்கு இது. எல்லாம் கெல்வினில்: அளந்த வெப்பநிலையின் நான்காம் படியிலிருந்து, சூழல் வெப்பநிலையின் நான்காம் படியை ஒன்றிலிருந்து உமிழ்திறன் போக மீதியால் பெருக்கிக் கழிக்க வேண்டும். வந்ததை உமிழ்திறனால் வகுத்து, நான்காம் மூலம் எடுத்தால் நிஜ வெப்பநிலை. இங்கே முழு எண் வித்தை எடுபடாது, தசமக் கணக்குத் தெரிந்த ஆக் கருவியிடம் கொடுத்துவிடலாம். அதில் ^ குறி படி, ^0.25 என்பது நான்காம் மூலம்.

எண்களைப் போட்டால்தான் இதன் கனம் தெரியும். சூழல் 25 டிகிரி, உமிழ்திறன் 0.95, சென்சார் 60 டிகிரி காட்டுகிறது. திருத்தினால் 61.56. ஒன்றரை டிகிரி வித்தியாசம், பல வேலைகளுக்குப் பரவாயில்லை. இப்போது அதே சூழலில் பளபளக்கும் உலோகம், உமிழ்திறன் 0.1, சென்சார் வெறும் 30 டிகிரி காட்டுகிறது. திருத்தினால் 66.7 டிகிரி! எச்சரிக்கை எல்லையை 60 என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டார்.

ஆனால் 0.1 என்று போட்டுத் திருத்தினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அந்த அளவில் உமிழ்திறனில் ஏற்படும் சிறு தவறும் விடையைப் பல டிகிரி நகர்த்தும், பக்கத்தில் ஓர் ஆள் வந்து நின்றாலே பிரதிபலிப்பு மாறும். பளபளப்பான பரப்பைக் கணக்கால் துரத்துவதை விட்டுவிட்டு, அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி 0.95 என்று வைப்பதே புத்திசாலித்தனம். டேப் இளகிவிடும் அளவு சூடு என்றால் சூடு தாங்கும் மேட் கறுப்புப் பெயிண்ட். பார்வை வட்டத்தை முழுக்க மூடுமளவுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக் கருவிக்கு முன்னால் எல்சி_ஆல் மாறியை சி என்று வைத்துவிடுங்கள், இங்கே மட்டும் இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். சில மொழி அமைப்புகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி அச்சாகும், பிறகு அந்தப் பதிவைப் படிக்கும் எந்தக் கருவியும் குழம்பும்.

சென்சாருக்குள்ளேயே எழுதலாமா

எழுதலாம். உமிழ்திறன் சென்சாரின் ஈப்ராமில் (பவர் போனாலும் அழியாத நினைவகத்தில்) 36ஆம் இடத்தில் இருக்கிறது, 65535 என்றால் 1. விரும்பும் உமிழ்திறனை 65535-ஆல் பெருக்கினால் எழுத வேண்டிய எண் கிடைக்கும்: 0.95-க்கு 62258. ஈப்ராமின் விதி, புது எண்ணை எழுதும்முன் 0 எழுதி அழிக்க வேண்டும். எழுதும்போது சரிபார்ப்பு பைட்டும் கட்டாயம், அது இல்லாத கட்டளையை சென்சார் ஏற்காது:

ஐ2சிகெட் -ஒய் 1 90 36 டபிள்யூபி
ஐ2சிசெட் -ஒய் 1 90 36 0 டபிள்யூபி
ஸ்லீப் 0.05
ஐ2சிசெட் -ஒய் 1 90 36 62258 டபிள்யூபி
ஸ்லீப் 0.05

முதல் வரி பழைய எண்ணைப் படிப்பதற்கு, அதை எங்காவது குறித்து வையுங்கள். முடிந்ததும் திரும்பப் படித்துப் பார்த்து, பவரை எடுத்துப் போடுங்கள்.

இதை ஒரு தடவை கையால் செய்யும் வேலையாக வையுங்கள். லூப்புக்குள் ஒருபோதும் வேண்டாம்: ஈப்ராமை எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அழித்து எழுதும் நடுவில் பவர் போனால் உமிழ்திறன் 0 என்று நின்றுவிடும். இரண்டு ஸ்கிரிப்டுகள் ஒரே நேரத்தில் இதைச் செய்யாதபடி எஃப்லாக் பூட்டும் தேவை. வெறும் வாசிப்புக்குப் பூட்டு வேண்டாம், ஒவ்வொரு வாசிப்பையும் கெர்னலே தனித்தனியாக முடித்துக் கொடுக்கும். 37ஆம் இடத்தைத் தொடாதீர்கள், அதில் உள்ள சில பிட்களை மாற்றினால் ஆலையில் செய்த அளவுத்திருத்தமே செல்லாததாகிவிடும்.

என்னைக் கேட்டால் சென்சாரில் 65535-ஐ அப்படியே விட்டுவிட்டு, திருத்தத்தை ஸ்கிரிப்டில் செய்வேன். பதிவில் திருத்தாத எண் இருந்தால், உமிழ்திறனைத் தவறாக வைத்திருந்தது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தாலும் எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடலாம். இரண்டு இடத்திலும் திருத்துவது மட்டும் கூடாது.

ஒரே பஸ்ஸில் இரண்டு சென்சார் வேண்டுமென்றால் 46ஆம் இடத்தில் முகவரி இருக்கிறது. ஒரு சென்சாரை மட்டும் மாட்டி, இதே அழி-எழுது முறையில் மாற்றி, பவரை எடுத்துப் போட்டால் புது முகவரிக்கு வந்துவிடும்.

எண்ணை வைத்து வேலை செய்வது

மின்விசிறி ஒன்றை ஓட்டுவோம். டிரான்சிஸ்டரோ ரிலேயோ வழியாக 17ஆம் ஜிபிஐஓ-வில் (ஸ்கிரிப்ட் ஆன், ஆஃப் செய்யக்கூடிய பின்னில்) இணைத்திருந்தால் ஆன் செய்யும் கட்டளை:

பின்சிடிஆர்எல் செட் 17 ஓபி டிஹெச்

டிஹெச் இடத்தில் டிஎல் போட்டால் ஆஃப்.

60 டிகிரியில் ஆன், அதற்குக் கீழே ஆஃப் என்று ஒரே எல்லை வைத்தால் 59.98-க்கும் 60.02-க்கும் நடுவில் எண் ஆடும்போதெல்லாம் ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு எல்லை வையுங்கள்: 6000 வந்தால் ஆன், 5500-க்குக் கீழே போனால் ஆஃப், நடுவில் இருந்தால் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே. லூப் ஒரே ஸ்கிரிப்டுக்குள் ஓடினால் நிலையை ஒரு மாறியில் வைக்கலாம். டைமர் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிளப்பும் ஸ்கிரிப்ட் என்றால் ரன் அடைவில் ஒரு சின்னக் கோப்பு. அந்த அடைவு நினைவகத்தில் இருப்பதால் எஸ்டி கார்டு தேயாது.

வாசிப்பே கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? இதை எழுதாமல் விட்ட ஸ்கிரிப்டுகளே அதிகம். தொடர்ந்து பத்துச் சுற்று தோற்றால் மின்விசிறியை ஆன் செய்துவிடுங்கள். ஹீட்டரை ஓட்டும் ஸ்கிரிப்ட் என்றால் இதற்கு நேர் எதிர், ஆஃப் செய்ய வேண்டும். எது பாதுகாப்பான நிலை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் ஸ்கிரிப்டை எழுதுங்கள். ஸ்கிரிப்ட் சாகும்போதும் அதே நிலைக்குப் போக, டிராப் கட்டளையில் எக்ஸிட்டுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். டேஷ் ஷெல்லில் வெளியிலிருந்து சிக்னல் வந்து கொன்றால் எக்ஸிட் டிராப் ஓடாது. இன்ட், டெர்ம் இரண்டுக்கும் எக்ஸிட் 1 என்று தனியாக ஒரு டிராப் போட்டால் அது எக்ஸிட் டிராப்பையும் கிளப்பிவிடும். கில் -9-க்கு முன்னால் இதுவும் செல்லாது, உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தான சூடு என்றால் தனியாக ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கட்டும்.

பதிவும் தொடர் ஓட்டமும்

ஒரு வரிக்கு மூன்று நிரல் போதும்: நொடிக்கணக்கில் நேரம், பொருளின் எண், சென்சாரின் சொந்த எண். மூன்றாவதை ஏன் பதிய வேண்டும் என்றால், உமிழ்திறன் திருத்தத்துக்கு அது தேவை, கூடவே அது ஒரு சாட்சி. சென்சாரின் சொந்த வெப்பநிலை வேகமாக ஏறும் நேரத்தில் வந்த பொருள் வாசிப்பைச் சந்தேகப்பட வேண்டும். முந்தைய சுற்றை விட 50-க்கு மேல், அதாவது அரை டிகிரிக்கு மேல் மாறியிருந்தால் அந்த வரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி சேர்க்கச் சொல்லுங்கள். விரலால் சென்சாரின் உலோகத்தைச் சில நொடி பிடித்துவிட்டுப் பதிவைப் பாருங்கள், கேள்விக்குறிகள் வரிசையாக வரும்.

குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக இறங்காது. ஐந்து நொடிக்கு ஒரு வாசிப்பு வேண்டுமென்றால் வைல் லூப்போடு ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் எழுதி, ரீஸ்டார்ட்டை ஆல்வேஸ் என்று வைத்துவிடுங்கள்.

ஓடவிடும்முன் ஒரு சோதனை. அகலமான பாத்திரத்தில் பனிக்கட்டித் துண்டும் தண்ணீரும் நன்றாகக் கலக்கி, சென்சாரை நீர்ப்பரப்புக்கு மிக அருகில், பாத்திரத்தின் விளிம்பு வட்டத்துக்குள் வராதபடி பிடியுங்கள். 0-ஐ ஒட்டி வர வேண்டும். கொதிநீரில் இதைச் செய்ய வேண்டாம், சென்சாரின் ஜன்னலில் ஆவி படிந்துவிடும். பிறகு அது அளப்பது அந்த ஈரத்தை.

கெர்னல் டிரைவர் வழி

லினக்ஸ் கெர்னலின் ஐஐஓ என்ற சென்சார் பிரிவில் இந்த சென்சாருக்கு டிரைவர் இருக்கிறது. உங்கள் கெர்னலோடு வந்திருக்கிறதா என்று மாட்இன்ஃபோ கட்டளையிடம் சென்சாரின் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள். இருந்தால், சிஸ் அடைவில் ஐ2சி-1 பஸ்ஸின் நியூ_டிவைஸ் கோப்புக்குள் சென்சார் பெயரையும் முகவரியையும் ரூட் அனுமதியோடு எக்கோ செய்தால் போதும். ஐஐஓ:டிவைஸ்0 போன்ற ஓர் அடைவு முளைக்கும். அதன் எண் அடுத்த பூட்டில் மாறலாம், அதனால் ஸ்கிரிப்டில் எண்ணை எழுதி வைக்காமல், ஒவ்வோர் அடைவிலும் உள்ள நேம் கோப்பைப் படித்துத் தேடுங்கள்.

அங்கே இன்_டெம்ப்_ஆப்ஜெக்ட்_ரா என்ற கோப்பைக் கேட் செய்தால் அதே அசல் எண், பதின்மத்திலேயே. ஆஃப்செட் கோப்பில் −13657.5, ஸ்கேல் கோப்பில் 20. எண்ணோடு ஆஃப்செட்டைக் கூட்டி ஸ்கேலால் பெருக்கினால் மில்லி டிகிரி. நம்முடைய இரண்டால் பெருக்கி 27315 கழிக்கும் கணக்கும் இதுவே, எண் மட்டும் இதில் பத்தில் ஒரு பங்கு. உமிழ்திறனுக்கும் தனிக் கோப்பு உண்டு, அதில் எழுதினால் அழித்து எழுதும் வேலையை டிரைவர் பார்த்துக்கொள்ளும். எழுதப்படுவது அதே ஈப்ராம்தான், லூப்புக்குள் வேண்டாம் என்ற விதி இங்கேயும் பொருந்தும்.

டிரைவர் பிடித்திருக்கும்போது ஐ2சிகெட் பிஸி என்று மறுத்துவிடும். -எஃப் போட்டு மீறலாம், ஆனால் மீறாதீர்கள்: டிரைவர் சென்சாரைத் தூங்க வைத்திருக்கும் நேரத்தில் நீங்கள் கேட்டால் இருவருக்கும் குழப்பம். இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து, வாசிக்கும் ஃபங்ஷனில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். நிலை எண் சோதனை, 32768 வேலி, நடுமதிப்பு, இரட்டை எல்லை எதையும் தொட வேண்டியதில்லை.